வன்னிப் பெருநிலமும் உளவியற் பட்டப்படிப்பின் நோக்கங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகத் துறை ஒன்றன் வரலாறு பெரும்பாலும் ஓர் ஒழுங்கிலேயே எழுதப்படுகின்றது. துறை நிறுவப்படுகின்றது, அதன் நோக்கங்கள் வகுக்கப்படுகின்றன, பாடத்திட்டம் அமைகின்றது, மாணவர் பயின்று வெளியேறுகின்றனர், இறுதியில் அவர்தம் அறிவு சமூகத்தைச் சென்றடைகின்றது. உளவியலைப் பொறுத்தவரை, வன்னிப் பெருநிலப்பரப்பில் இவ்வொழுங்கு தலைகீழாக அமைந்தது. அங்கு முதலில் வந்தது துன்பம். அதன்பின் அத்துன்பத்தை எதிர்கொள்ள முயன்ற பணியாளர் வந்தனர். பட்டமும் பாடத்திட்டமும் இவற்றுக்குப் பிற்பட்டனவாகவே நின்றன. எனவே உளவியல் இளமாணிப் பட்டப்படிப்பின் நோக்கங்கள் யாவையாதல் வேண்டும், அதன் முடிவில் மாணவர் அடைந்திருக்க வேண்டிய கற்றற்பேறுகள் எவை என்ற வினாவுக்கு வன்னியின் அண்மைக்கால வரலாறு தனித்ததொரு விடையைத் தருகின்றது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோக்கங்கள் உருப்பெற்ற வரலாறு

உளவியல் மெய்யியலின் மடியிலிருந்து இறங்கித் தனித்து நடக்கத் தொடங்கிய ஆண்டாக 1879 கொள்ளப்படுகின்றது. அவ்வாண்டிலேயே வில்ஹெல்ம் வூண்ட் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் தமது ஆய்வுகூடத்தை நிறுவினார். அங்கு பயின்றோர் அடையவேண்டிய பேறு ஒன்றே: புலனுணர்வையும் கவனத்தையும் அளந்தறியும் ஆய்வாளராதல். நோயுற்ற மனத்தைத் தேற்றுதல் அக்கல்வியின் நோக்கமாக இருக்கவில்லை. இம்மரபு விரைவில் ஆசியாவுக்கும் வந்தது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கெனத் தனித்துறை அமைந்தபோது, ஹார்வார்டிற் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தா அதனை வழிநடத்தினார். அந்நகரிலேயே 1922இல் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். அவர் பிராய்டின் கருத்துகளை அப்படியே ஏற்றுக்கொண்டாரல்லர். இந்திய நோயாளரிடம் தாம் கண்டவற்றை முன்வைத்து அவரோடு கடிதவழி வாதிட்டார். வெளியிலிருந்து வந்த அறிவை உள்ளூர் அனுபவத்தில் உரைத்துப் பார்க்கும் வழக்கம் தென்னாசிய உளவியலிற் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் உளவியற் கல்வியின் நோக்கம் விரிவடைந்தது. போர்முனையிலிருந்து மீண்ட படையினரின் உளநலத் தேவை மிகுந்ததனால் அமெரிக்காவிற் சிகிச்சை உளவியல் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரிற் கூடிய மாநாடு, சிகிச்சை உளவியலாளர் ஆய்வாளராகவும் பணியாளராகவும் ஒருங்கே பயிற்றப்படல் வேண்டும் என வரையறுத்தது. 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் கல்வி நோக்கங்களை அறிதல், விளங்குதல், பிரயோகித்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடல் எனப் படிநிலைப்படுத்தினர். ஆசிரியர் எதைக் கற்பித்தார் என்பதினின்றும் மாணவர் எதைச் செய்ய வல்லவரானார் என்பதற்கு நோக்கு மாறியது. கற்றற்பேறு என்னும் கருத்தின் வேர் இம்மாற்றத்திலேயே உளது.

உளவியல் இளமாணிப் படிப்புக்கு இக்கருத்தை விரிவாகப் பொருத்தியோருள் அமெரிக்க உளவியற் சங்கத்தினர் குறிப்பிடத்தக்கவர். அச்சங்கம் 2013இல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டி ஐந்து நோக்கங்களைக் கூறுகின்றது. துறைசார் அறிவு, அறிவியல் வினவலும் திறனாய்வுச் சிந்தனையும், பன்மைச் சமூகத்தில் அறநெறியும் சமூகப் பொறுப்பும், தொடர்பாடல், தொழில்சார் வளர்ச்சி என்பனவே அவை. இலங்கையில் 2012இல் வெளிவந்த தேசியத் தகைமைகள் சட்டகமும் இதே திசையிற் சென்றது. அது பொது இளமாணிப் பட்டத்தை ஐந்தாம் மட்டத்திலும் சிறப்பு இளமாணிப் பட்டத்தை ஆறாம் மட்டத்திலும் வைத்து, அறிவு, திறன், மனப்பாங்கு, வாழ்க்கை நோக்கு ஆகியவற்றை உள்ளடக்கிய பன்னிரு வகைக் கற்றற்பேறுகளை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக விதித்தது.

எனினும் இலங்கைத் தமிழ் மாணவரை உளவியல் வந்தடைந்த வழி வேறு. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு உளவியல் மெய்யியலுக்குத் துணைப்பாடமாகவே நெடுங்காலம் நின்றது. பேராதனையில் அது மெய்யியல் துறையோடு இணைந்தே வளர்ந்தது. 1960களிற் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலானபோது உளவியலுக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் தேவைப்பட்டன. அத்தேவையைப் பெரிதும் நிறைவு செய்தது ஆசிரியர் கல்வியாகும். ஆசிரிய கலாசாலைகளிற் கல்வி உளவியல் கட்டாய பாடமாக இருந்ததனால், பாவ்லோவும் தோண்டைக்கும் பியாஜேயும் தமிழ் வாசகருக்கு முதலிற் பள்ளியாசிரியர் வாயிலாகவே அறிமுகமாயினர். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வித்துறைப் பேராசிரியர் சபா. ஜெயராசா போன்றோர் தமிழில் எழுதிய நூல்களும் இவ்வழியிலேயே வந்தன. தமிழில் உளவியல் வகுப்பறையோடு பிறந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வன்னியில் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இச்செய்தி உதவும்.

நிலமும் மக்களும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னி பெருநிலப்பரப்பு குளங்களாலும் காடுகளாலும் ஆனது. அங்கு வாழும் மக்கள் ஒரே காலத்தில் வந்தோரல்லர். பழைய வன்னிக் கிராமங்களின் குடிகளோடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டப்பட்டதன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகளும் சேர்ந்தனர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் அமைந்தன. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைத் தொடர்ந்து மலையகத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வந்தோர் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். ஆகவே போர் வருமுன்னரே வன்னியின் ஒரு பகுதி, வேரோடு பெயர்க்கப்பட்டு மீண்டும் வேரூன்றிய மக்களின் வாழிடமாயிற்று.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, அவர்களுட் பலர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரம் படையினர் வசமாகியதும் அவர்கள் மீண்டும் பெயர்ந்தனர். 1997இல் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை வவுனியாவுக்கு வடக்கே இருந்த ஊர்களை வெறிதாக்கியது. 2002இன் போர்நிறுத்தம் சிறிது மூச்சுவிட இடமளித்தது. ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்தது. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனச் சுருங்கிக்கொண்டே சென்ற நிலத்துண்டில் மக்கள் நெருக்குண்டனர். மே மாதம் போர் முடிந்தபோது எஞ்சியோர், ஏறத்தாழ 2,80,000 பேர், பெரும்பாலும் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அம்முகாம்கள் 2012 செப்டெம்பரிலேயே முற்றாக மூடப்பட்டன.

இத்தகைய நிலத்தில் உயர்கல்வி எவ்வாறு வந்தது என்பதும் நோக்கற்பாலது. வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 2021 ஓகஸ்ட் 1ஆம் நாள் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அவ்வாறு உயர்ந்தபோது அதன்கண் இருந்தவை பிரயோக விஞ்ஞான பீடம், வியாபாரக் கற்கைகள் பீடம், தொழினுட்பவியற் கற்கைகள் பீடம் ஆகிய மூன்றுமே. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிறுவியவை விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்களாகும். வயலையும் பாலத்தையும் கணினியையும் கற்பிக்கும் பீடங்கள் வன்னிக்கு வந்தன. மனத்தைக் கற்பிக்கும் துறை அவற்றோடு வரவில்லை. நாட்டிலேயே மிகுந்த உளத்துயரைச் சுமந்த நிலப்பரப்பின் பிள்ளைகள் உளவியல் கற்பதற்கு வெளியூர் செல்லவேண்டியோராயினர்.

பட்டதாரிகளுக்கு முந்திய பணியாளர்

துறை இல்லாத இடத்திற் பணி இல்லாமற் போகவில்லை. யாழ்ப்பாண மருத்துவபீடத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூல், இலங்கைத் தமிழரிடையே போர் ஏற்படுத்திய உளப்பாதிப்பை விரிவாக ஆராய்ந்தது. அவரும் உளமருத்துவர் சா. சிவயோகனும், உலக சுகாதார நிறுவனமும் அகதிகளுக்கான உயர் ஆணையகமும் 1996இல் வெளியிட்ட அகதிகள் உளநலக் கைந்நூலைத் தமிழ்ச் சமூகத்துக்கேற்ப மாற்றியமைத்தனர். சமூகமட்டப் பணியாளரைப் பயிற்றுவதற்கு அக்கைந்நூல் அடிப்படையாயிற்று. யாழ்ப்பாணத்துச் சாந்திகம் நிறுவனம் உளவளத்துணையாளரைப் பயிற்றியது. மனவடு, நெருக்கீடு, உளவளத்துணை, சீர்மியம், உளசமூகப்பணி முதலாய சொற்கள் இக்காலத்திலேயே பரவலான வழக்குப் பெற்றன. பல்கலைக்கழகக் கலைச்சொல்லகராதி செய்யாத பணியை முகாம்களும் ஆற்றுகைப் பயிற்சிகளும் செய்தன.

உளமருத்துவர் மிகச் சிலராக இருந்த வன்னியில் இப்பணியின் சுமை பள்ளியாசிரியர்மீதே வீழ்ந்தது. போர்நிறுத்த காலத்தில், ஜேர்மனியின் கொன்ஸ்ரன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த உளவியலாளர், வடகிழக்கின் ஆசிரியர்களை உளவளத்துணையாளராகப் பயிற்றினர். தமிழில் உளவியல் வகுப்பறையோடு பிறந்தது என முன்னர்க் கூறப்பட்டது. அந்த ஆசிரியர் மரபே போர்க்காலத்தில் உளநலப் பணியின் முதுகெலும்பாயிற்று.

இவ்வாசிரியர்கள் உதவியாளராக மட்டும் இருந்தாரல்லர், ஆய்வாளராகவும் விளங்கினர். வடகிழக்கிற் பள்ளி மாணவர் 420 பேரிடம் அவர்கள் நிகழ்த்திய நேர்காணல்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 2009இல் வெளிவந்தது. மாணவருள் 92 வீதத்தினர் குண்டுவீச்சு, எறிகணைத் தாக்குதல், உறவினர் சாவைக் கண்ணுறல் போன்ற கடும் நிகழ்வுகளுக்கு ஆளானவர் என்றும், 25 வீதத்தினர் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் வரையறைக்குட்பட்டவர் என்றும் அது காட்டியது. ஆசிரியர் கண்ட 420 பேருள் 67 பேரைப் பயிற்சி பெற்ற சிகிச்சை உளவியலாளர் மீண்டும் பரிசோதித்தனர். ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்க்கும் ஒழுக்கமே அறிவியல் எனப்படுவது. 92 வீதத்தினர் கொடுமையைக் கண்டிருக்க, நோய்வரையறைக்குள் வந்தோர் நான்கில் ஒரு பங்கினரே என்பதும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. துன்பம் அனுபவித்தோர் அனைவரும் நோயாளரல்லர். இவ்வேறுபாட்டை அறியாத உளவியற் பட்டதாரி ஒருவர் வன்னியில் ஒரு முழுச் சமூகத்தையே நோய்ப்பட்டியலிற் சேர்த்துவிடக்கூடும்.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

2004இன் பேரழிவுக்குப் பின்னர் உலகின் பல திசைகளிலிருந்தும் உளவளத்துணையாளர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுட் பலர் மொழியறியாதவர். சில வாரங்களே தங்கியவர். அழிவு நிகழ்ந்தவுடன் பாதிக்கப்பட்டோரை அழைத்து, நேர்ந்ததை ஒரே அமர்வில் முழுவதுமாகச் சொல்லவைத்தல் நன்று என்னும் நம்பிக்கை அக்காலத்திற் பரவியிருந்தது. ஆயின் அத்தகைய ஒற்றை அமர்வு முறை மனவடு நோயைத் தடுப்பதில்லை என்பதையும், சிலருக்குத் தீங்கும் விளைக்கக்கூடும் என்பதையும், அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு முன்னரே காட்டியிருந்தது. நன்மை செய்யவேண்டும் என்னும் ஆவல் இருந்தது. ஆய்வைத் தேடிப் படிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கவில்லை. இந்நிலையில் ஆய்வு வாசிப்பு ஏட்டுக் கல்வியாக நின்றுவிடுவதில்லை. அது மனிதரைத் தீங்கினின்று காக்கும் கடமையாகின்றது.

இதே காலத்தின் மற்றொரு முயற்சி வேறு வகையிற் பயன்தருவது. வடகிழக்கு முகாம் ஒன்றில், போரையும் ஆழிப்பேரலையையும் ஒருங்கே கண்ட 31 சிறுவர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்குபடச் சொல்லும் சிகிச்சையையும், மறு குழுவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் கூடிய முறையையும் ஆறு அமர்வுகளிற் பெற்றனர். இரண்டையும் நடத்தியோர் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளரே. ஆறு மாதங்களின் பின்னர் முதற் குழுவில் 81 வீதத்தினரும் இரண்டாம் குழுவில் 71 வீதத்தினரும் நலம்பெற்றிருந்தனர். 2009இல் வெளியான இம்முடிவைக் கண்டு, நம் மரபுவழிப் பயிற்சியும் வெளிநாட்டு முறைக்குச் சற்றும் இளைத்ததன்று எனப் பெருமைகொள்வோர் உளர். அப்பெருமைக்கு ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் 31 என்பது சிறிய தொகை; எச்சிகிச்சையும் பெறாத மூன்றாவது குழு அவ்வாய்வில் இருக்கவில்லை; ஆகையாற் காலமே ஆற்றிய பங்கு எவ்வளவு என்பதை அது சொல்லாது. ஒரே ஆய்விலிருந்து நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒருங்கே பெறுவதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை அளித்தலே பட்டப்படிப்பின் பணியாகும்.

இவ்வனுபவங்களின் பின்னணியிலேயே, 2007இல் உலக அமைப்புகள் பல கூடி, அவசரகால உளநல, உளசமூக உதவிக்கான வழிகாட்டியை வெளியிட்டன. அது உதவியை நான்கு படிகொண்ட கூம்பகமாக வரைந்தது. பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும் அடித்தளமாகும். குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு இரண்டாம் படி. பயிற்சி பெற்ற பணியாளரின் உதவி மூன்றாம் படி. சிறப்பு மருத்துவம் சிலருக்கு மட்டுமே வேண்டிய உச்சி. உணவும் பாதுகாப்பும் உறவினரைத் தேடிச் செல்லும் உரிமையும் இல்லாதவருக்கு உளவளத்துணை மட்டும் வழங்குதல் அடித்தளமின்றி உச்சியைக் கட்டுவதாகும் என்பது இதன் உட்கிடை. இரண்டு ஆண்டுகளின் பின்னர் மெனிக் பாம் முகாம்களில் இதன் உண்மை கண்கூடாயிற்று.

கூட்டு மனவடுவும் காணாமற்போனோரும்

2007இலும் 2010இலும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகளில் தயா சோமசுந்தரம் தனிமனித நோய்வரையறைகளுக்கு அப்பாற் சென்றார். பிந்திய கட்டுரை வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தோரைப் பற்றியது. நம்பிக்கையின்மை, ஐயம், மௌனம், பிறரிற் சார்ந்திருத்தல், செயலின்மை, விழுமியச் சிதைவு, தலைமைத்துவ இழப்பு ஆகியன தனியொருவரின் நோயறிகுறிகளல்ல. குடும்பமும் ஊரும் ஒருங்கே காயமுற்றதன் அடையாளங்கள் என்றார். இதனை அவர் கூட்டு மனவடு எனக் கண்டார். கோயிலும் குளமும் பள்ளியும் சனசமூக நிலையமும் அழிந்தவிடத்து, ஒருவரைத் தனியறையில் இருத்திப் பேசுவதாற் பெறக்கூடிய பயன் சிறிதே. மேலும் 2009இன் பின்னர் வடக்கில் உளசமூகத் திட்டங்களுக்கு அரச அனுமதி பெறுதல் எளிதாக இருக்கவில்லை. எங்கு தேவை மிகுந்திருந்ததோ அங்கு பணி குறுகியது.

வன்னியின் துயரங்களுள் உளவியற் கல்வியைப் பெரிதும் சோதிப்பது காணாமற்போனோரின் குடும்பங்களது நிலையாகும். தமிழ்ச் சமூகத்தில் இறப்பின் துயர் தனித்து விடப்படுவதில்லை. செத்தவீடு, காடாற்று, எட்டுச் செலவு, அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என அதற்குப் படிகள் உள. ஒவ்வொரு படியிலும் உறவும் அயலும் கூடுகின்றன. அழுவதற்கு ஒரு நாளும் அழுகையை அடக்குவதற்கு ஒரு நாளும் வகுக்கப்பட்டுள்ளன. காணாமற்போன மகனுக்கு இவற்றுள் எதனையும் செய்தல் இயலாது. செய்தால் அவன் இறந்தான் என ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிடிற் துயர் முடிவற்று நீளும். கணவனைத் தேடும் பெண் பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்பதும் அவளுக்குத் தீராத வினாவே. வியட்நாம் போரிற் காணாமற்போன படையினரின் குடும்பங்களை ஆராயத் தொடங்கிய அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதனைத் தெளிவற்ற இழப்பு எனப் பெயரிட்டு 1999இல் நூல் எழுதினார். அக்கருத்து வன்னிக்கு நன்கு பொருந்துகின்றது. எனினும் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலும் அதனையடுத்து வவுனியா, முல்லைத்தீவு ஆகிய இடங்களிலும் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்து தொடர்போராட்டம் தொடங்கிய தாய்மார் வேண்டியது தேற்றரவு அன்று. தம் பிள்ளைகளுக்கு நேர்ந்ததென்ன என்னும் உண்மை. நீதி கேட்போருக்கு ஆறுதல் கூறி அனுப்பும் கருவியாக உளவியல் பயன்படலாகாது என்பதை அப்பந்தல்கள் உணர்த்தின.

ஐந்து நோக்கங்களும் வன்னி என்னும் உரைகல்லும்

மேற்கூறிய வரலாற்றின் ஒளியில் அமெரிக்கச் சங்கம் வகுத்த ஐந்து நோக்கங்களையும் மீண்டும் நோக்கலாம்.

முதலாவது துறைசார் அறிவு. நினைவு, கற்றல், விருத்தி, ஆளுமை, பிறழ்வு பற்றிய பொதுக் கோட்பாடுகள் எங்கும் வேண்டப்படுவன. அவற்றோடு துயர்ச் சடங்குகள், குடியேற்ற வரலாறு, சாதி, சீதனம், பெண் தலைமைக் குடும்பங்களின் வாழ்க்கை ஆகியவையும் அறிவின் பகுதியாதல் வேண்டும். இவையின்றி விருத்தி உளவியல் கூறும் குழந்தை, இடம்பெயராத ஊரிற் பிறந்த குழந்தையாகவே இருக்கும்.

இரண்டாவது அறிவியல் வினவல். 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்த்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்றில் மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும் காணப்பட்டன. மனவடு ஒன்றையே தேடிச் சென்றிருந்தால் பதகளிப்பும் சோர்வும் கண்ணிற் படாமற் போயிருக்கும். கேள்வியே விடையின் எல்லையை வகுக்கின்றது. புள்ளிவிவரவியலை அஞ்சி ஒதுக்கும் கலைப்பீட மாணவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

மூன்றாவது அறநெறி. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் இரகசியம் காத்தல் நகரத்திற் காத்தலினும் அரியது. அச்சம் நிலவும் சூழலிற் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒரு பெயரும் ஆபத்தாகலாம். அனைத்திலும் மேலாக, தன் தகுதியின் எல்லையை அறிதல் வேண்டும். இளமாணிப் பட்டம் ஒருவரைச் சிகிச்சை உளவியலாளராக ஆக்குவதில்லை. அதற்கு மேற்பட்டப் பயிற்சி வேண்டும். தற்கொலை எண்ணத்தோடும் கடும் உளநோயோடும் வருபவரை உரிய மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது ஆற்றுப்படுத்துதல் பட்டதாரியின் கடமை. இலங்கையின் தற்கொலை வீதம் 1995இல் இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை எட்டிப் பின்னர் வீழ்ந்ததற்கு, கொடிய பூச்சிகொல்லிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதே பெருங்காரணமென ஆய்வாளர் கொள்வர். உயிர்காக்கும் வழி எப்போதும் உளவியலாளரின் அறைக்குள்ளேயே இருப்பதில்லை என்பதையும் இது புலப்படுத்துகின்றது.

நான்காவது தொடர்பாடல். நூற்றமிழில் யோசனை என்பது சிந்தனையையோ கருத்தையோ குறிக்கும். வன்னித் தாயொருத்தி தனக்கு ஒரே யோசனை என்னும்போது அது உறக்கத்தைக் கெடுக்கும் கவலையாகும். பெருமூச்சும் நெஞ்சுப் பாரமும் உடலின் நோய்களாக மருந்தகத்துக்கு வந்து, உள்ளத்தின் துயரைச் சொல்லுகின்றன. ஆங்கில வினாக்கொத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றிக் கேட்போருக்கு இவை அகப்படா. இலங்கையிற் பிறந்த உளவியலாளர் கயாத்திரி பெர்னாண்டோ, நாட்டு மக்களின் வாய்மொழிகளிலிருந்தே ஓர் உளசமூக அளவுகோலை உருவாக்கி 2008இல் வெளியிட்டமை இவ்வகையில் முன்மாதிரியாகும். துன்பத்தை மக்கள் பெரிதும் உறவுகளின் முறிவாகவே விவரித்தனர் என்பது அவர்தம் ஆய்வுகளாற் பெறப்பட்டது.

ஐந்தாவது தொழில்சார் வளர்ச்சி. பட்டதாரியருட் பலர் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தராகவும், பாடசாலைகளில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராகவும், அரசசார்பற்ற நிறுவனங்களிற் கள அலுவலராகவும் பணியாற்ற நேரும். பட்டமின்றி இப்பணியை ஆண்டுக்கணக்கிற் செய்தோருக்குக் கீழிருந்து கற்கும் பணிவும் அங்கு வேண்டப்படும். பிறர் துயரை நாள்தோறும் கேட்பவர் தாமும் அத்துயர் கண்ட குடும்பத்தினராதல் வன்னியில் இயல்பு. ஆகவே தன்னைப் பேணிக்கொள்ளுதலும் மூத்தோரின் மேற்பார்வையை நாடுதலும் கற்றற்பேறுகளுள் வைத்தெண்ணப்படல் வேண்டும்.

மறுப்பும் அதற்கு விடையும்

உளவியல் உலகப் பொதுவான அறிவியல் ஆதலின் வன்னிக்கென ஒரு பாடத்திட்டம் கேட்பது அதனைக் குறுக்குவதாகாதா எனச் சிலர் வினவலாம். இவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. போரையும் மனவடுவையும் மட்டுமே கற்ற மாணவர், சாதாரண வகுப்பறையிற் கற்றல் இடர்ப்படும் பிள்ளையையோ முதுமையில் மறதிநோய் கண்டவரையோ அறியாது போவர். வன்னியின் இளந்தலைமுறை போரின் எச்சமாக மட்டும் நோக்கப்படுதலும் அநீதியே. ஆயினும் உலகப் பொதுமை என்பது ஓரிடத்து அனுபவத்தை ஏனைய இடங்களுக்கு விதியாக்குவதாற் பெறப்படுவதன்று. போல்டர் மாநாட்டின் தீர்மானமும் போர் கண்ட ஒரு நாட்டின் தேவையிலேயே பிறந்தது. அமெரிக்காவின் போர் அனுபவம் உலகப் பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததுபோல, வன்னியின் அனுபவமும் தகுந்த ஆய்வொழுக்கத்தோடு முன்வைக்கப்படின் பிறநாட்டு மாணவரும் கற்கும் பொருளாகலாம்.

சட்டகங்கள் விதிக்கும் கற்றற்பேறுகளை ஆவணங்களில் எழுதி நிரப்புதல் எளிது. அவை எய்தப்பட்டனவா என்பதைத் தேர்வுத்தாள் முழுமையாகக் காட்டாது. புதுக்குடியிருப்பிலோ கரைச்சியிலோ ஒரு பிரதேச செயலகத்தில் அமரும் பட்டதாரி, தம்முன் வந்திருக்கும் தாய் நோயாளியா, துயருற்றவரா, நீதி வேண்டி நிற்பவரா என்பதைப் பிரித்தறிய வல்லவராயின், அறியவொண்ணாதவிடத்துத் தம் எல்லையை ஒப்புக்கொண்டு உரியவரிடம் அவரை அனுப்ப வல்லவராயின், அவர் எழுதும் குறிப்பு அத்தாய்க்குத் தீங்கு செய்யாதெனின், அப்பட்டப்படிப்பு தன் நோக்கத்தை எய்தியது எனலாம். வன்னியின் ஆசிரியர்களும் சமூகப் பணியாளரும் துறையும் பட்டமும் இன்றியே இவற்றுட் பலவற்றைச் செய்தனர். அவர்கள் பெற்ற அறிவைத் தொகுத்து, சோதித்து, திருத்தி அடுத்த தலைமுறைக்கு அளிக்கும் கடன் தமிழில் உளவியல் கற்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அப்பணியாளருட் பலர் முதுமையடைந்து வருகின்றனர். அவர்தம் குறிப்பேடுகளுட் பல இடப்பெயர்வுகளில் அழிந்தன. எஞ்சியவற்றைத் தேடிச் சேர்ப்பதிலிருந்தே அக்கடனைத் தீர்க்கத் தொடங்குதல் தகும்.